யுனோசவா இருந்த பள்ளம்

மிட்சுடா என்ற பெயர் எனக்கு அறிமுகமானது திருமணியில். செங்கல்பட்டை ஒட்டிய அந்த மத்திய தொழுநோய்ப் பயிற்சி நிலையத்தில், லெப்ரசி இன்ஸ்பெக்டர் வேலைக்கான பயிற்சியின்போது, லெப்ரோமின் பரிசோதனை பற்றிப் பாடம் நடந்தது. முன்கையில் தோலுக்குள் துளி மருந்தை ஏற்றிவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். தடித்திருந்தால் நோயை எதிர்க்கும் தெம்பு அந்த உடம்புக்கு இருக்கிறது என்று பொருள். அந்தத் தடிப்புக்கு மிட்சுடா எதிர்வினை என்று பெயர். மிட்சுடா கென்சுகே என்ற ஜப்பானிய மருத்துவர் கண்டு சொன்னது. நோட்டில் எழுதிக்கொண்டேன், தேர்விலும் கேட்டார்கள். அதன் பிறகு திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் வெளிறிய தேமலைத் தேடி வீடு வீடாகப் போனேன். பஞ்சாலும் பேனா முனையாலும் தொட்டு உணர்ச்சி பார்த்தேன், காது மடலில் பிளேடால் கீறி ஸ்மியர் எடுத்தேன். அந்தக் காலமெல்லாம் மிட்சுடா எனக்கு ஒரு பாடப்புத்தகப் பெயர், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு தொழுநோயின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு கதை இருப்பது தெரிந்தது. அந்தக் கதை நடந்த இடங்களில் ஒன்று, ஜப்பானின் பேர்பெற்ற வெந்நீர் ஊற்று ஊரான குசாட்சு.

டோக்கியோவில் மகள் வீட்டில் இருந்த இலையுதிர் காலத்தில், வாரக் கடைசியில் எங்காவது வெந்நீர் ஊற்றுக்குப் போய்வரலாம் என்று பேச்சு எழுந்தது. ஹகோனே போகலாம், பக்கத்திலேயே ஃபுஜி மலையும் தெரியும் என்றார் மாப்பிள்ளை. நான் குசாட்சு என்றேன். "போக வரவே பாதி நாள் ஆயிடும் மாமா" என்று தயங்கினார். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு அங்க ஏதோ இருக்கு, அங்கயே போகலாம்" என்றாள்.

உவேனோவில் காலை விரைவு ரயில். ஷிபுகாவா தாண்டியதும் தண்டவாளம் அகட்சுமா ஆற்றோடு சேர்ந்து மலைக்குள் நுழைகிறது. வழியில் யான்பா என்ற பெரிய அணை. அதற்காகவே 2014இல் பழைய தடத்தைக் கைவிட்டு ரயிலைப் புதிய பாதைக்கு மாற்றினார்கள். அணை கட்டி முடிந்தது 2020இல்தான். ஆனால் திட்டம் போட்டது 1952இல். அப்போதே அது கிடப்பில் போனதற்கு ஒரு காரணம், அந்த ஆற்றுத் தண்ணீரின் அமிலம் சிமென்டை அரித்துவிடும் என்பது. அமிலம் வந்தது குசாட்சு மலைப் பக்கத்திலிருந்து. அங்கிருந்து இறங்கும் ஓடைகளால் கீழே மீன் கிடையாது, பாசனத்துக்கு ஆகாது, பாலத்தின் தூண்கூட நிலைக்காது. 1964இல் குசாட்சுவில் ஒரு நிலையம் அமைத்து, சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் பால்போலக் கரைத்து, இரவும் பகலும் ஓடையில் ஊற்றத் தொடங்கினார்கள். ஒரு முழு ஆற்றையே இப்படி அமிலம் நீக்கியது உலகத்தில் அதுதான் முதல் தடவை. இன்றைக்கும் நாளொன்றுக்கு ஐம்பது அறுபது டன் சுண்ணாம்புக்கல் போகிறது. ஒரு நாள் நிறுத்தினாலும் ஆறு பழையபடி ஆகிவிடும்.

இத்தனை கடுமையான தண்ணீரைத்தான் நோய் தீர்க்கும் தண்ணீர் என்று நாடே தேடி வந்தது.

நாகனோஹாரா குசாட்சுகுச்சி நிலையத்தில் இறங்கி, அரைமணிக்கும் குறைவான பஸ் பயணம். ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறுகிறது. சரிவில் இறங்கினால் ஊரின் நடுவில் யுபாதாகே. சுற்றிலும் கல்வேலி போட்ட பெரிய பள்ளம், அதன் ஒரு தலைப்பில் நிலத்தடியிலிருந்து பொங்கும் வெந்நீர். அது ஏழு நீண்ட மரத் தொட்டிகளில் வரிசையாக ஓடி, சூடு தணிந்து, கடைசியில் அருவியாக விழுகிறது. மரத்தில் படியும் மஞ்சள் வெள்ளைக் கந்தகப் படிவை அவ்வப்போது சுரண்டி எடுத்துக் காயவைத்து விற்கிறார்கள். வேலியை வடிவமைத்தவர் ஓவியர் ஒகமோட்டோ தாரோ, 1975இல். தொட்டிகளுக்கு நடுவே மரச்சட்டம் கட்டிய ஓர் ஊற்றுக்கண் தனியாகத் தெரிகிறது. எட்டாவது ஷோகன் யோஷிமுனேவுக்காக அந்த இடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, மரப்பீப்பாயில் அடைத்து, எடோ நகரத்துக்குத் தூக்கிப் போனார்கள் என்று பலகை சொல்கிறது. மகள் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊரின் எல்லா ஊற்றுகளையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்கி வருகிறது. பம்பு வைக்காமல் இவ்வளவு நீர் வருவது ஜப்பானில் வேறெங்கும் இல்லை என்கிறார்கள். அமில அளவு (pH) இரண்டை ஒட்டியது, ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு. இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் பத்து நாளில் கம்பியாக இளைத்துவிடும்.

எடோ காலத்தில் சுமோ வீரர்களுக்குப் போடுவதுபோல வெந்நீர் ஊற்றுகளுக்கும் தரவரிசைத் தாள் அச்சிட்டார்கள். அதில் கிழக்குப் பக்கத்து முதலிடம் குசாட்சுவுக்கு, மேற்குப் பக்கத்து முதலிடம் அரிமாவுக்கு. நோயாளிகளின் ஊர் என்ற பேர் அப்போதே நிலைத்துவிட்டது. மேகநோய்க்காரர்கள், சொறி சிரங்குக்காரர்கள், தொழுநோயாளிகள் எல்லோரும் கால்நடையாகவும் குதிரை முதுகிலும் மலை ஏறி வந்தார்கள். குளிர்காலத்தில் இங்கே வாழ முடியாது. பனி மூடுவதற்கு முன் விடுதிக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு கீழ்க் கிராமங்களுக்கு இறங்கிப் போய், வசந்தத்தில்தான் திரும்புவார்கள். 1869இல் ஒரு பெருந்தீ ஊரையே எரித்துவிட்டது. கடன் வாங்கித் திரும்பக் கட்டினார்கள். அந்தக் கடன் பின்னால் வரப்போகும் கதைக்கு முக்கியம்.

யுபாதாகேவின் ஓரத்திலேயே நெட்சு நோ யு என்ற கூடம். பெண்கள் வரிசையாக நின்று, ஆள் உயரத்துக்கு மேல் நீளமும் ஓரடி அகலமும் உள்ள பலகைகளைத் தொட்டியில் இறக்கி, பாட்டுக்கு ஏற்பத் திருப்பித் திருப்பித் தண்ணீரைக் கலக்குகிறார்கள். பார்வையாளர்களுக்கான நிகழ்ச்சிதான், ஆனால் அந்த வேலை நிஜமானது. ஊற்று நீர் அப்படியே இறங்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் கலந்தால் மருந்தின் வீரியம் குறையும் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அதனால் பலகையால் அடித்தே ஆற்றினார்கள். கடைசியில் பார்வையாளர்களையும் கூப்பிட்டு ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிக் கலக்கிப் பார்த்தேன். தண்ணீர் பலகையைப் பிடித்து இழுக்கிறது. இடுப்பிலிருந்து திருப்பினால்தான் அசையும், வெறும் கையால் முடியாது. நாலைந்து தடவை திருப்புவதற்குள் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. நோயாளிகள் குளிப்பதற்கு முன் தாங்களே இதைச் செய்ய வேண்டியிருந்தது. உடம்பைச் சூடேற்ற அதுவும் ஓர் ஏற்பாடு.

அதன் பிறகு நடந்ததுதான் குசாட்சுவின் தனி வைத்தியமான நேரக் குளியல். மேஜி காலத்தில் முறைப்படுத்தப்பட்டது. குளிப்பவர்கள் தலையில் முப்பது முறை வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்வார்கள், இல்லையென்றால் இறங்கியதும் மயக்கம் வரும். பிறகு தலைவர் ஒருவரின் கட்டளைக்கு எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். தண்ணீர் 48 டிகிரி வரை இருக்கும். மூன்று நிமிடம்தான். அசையாமல் உட்கார வேண்டும், அசைந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் சுடும். இன்னும் இரண்டு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று தலைவர் குரல் கொடுக்க, தொட்டியில் இருப்பவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். முடிந்ததும் அதே ஒழுங்கில் ஏறுவார்கள். ஒரு நாளில் நான்கு தடவை, வாரக்கணக்கில். சில நாளில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் வெந்து புண்ணாகும். அதுதான் நோய் வெளியேறுவதன் அடையாளம் என்று நம்பினார்கள். இரண்டு காலையும் அகட்டி வைத்து நடக்கும் ஆட்கள் அன்றைய குசாட்சுத் தெருவில் சாதாரணக் காட்சி.

இந்த இடத்தில் என் தொழில் என்னைப் பேசச் சொல்கிறது. தொழுநோய்க் கிருமி தோலோடு நரம்பையும் தாக்குகிறது. நரம்பு செத்த கையும் காலும் சூடு அறியாது. குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார், விரலை நம்பாதே என்று நாங்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். புண் வந்த காலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலைக் கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவி, மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்புப் போட்டு நடக்க வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட காலை 48 டிகிரி அமில நீரில் இறக்கினார்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு பதறியது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சீழ் பிடித்து நாறும் புண்ணை இந்த அமிலம் சுத்தம் செய்யும். தோலில் ஒட்டிக்கொள்ளும் மற்றக் கிருமிகளைக் கொல்லும். புண் காய்ந்து, வாடை போய், ஆள் பார்க்கத் தேறியிருப்பார். உள்ளே நரம்பில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நோயைக் குணமாக்கும் சல்ஃபோன் மருந்து வருவதற்கு முந்தைய உலகத்தில், புண் ஆறுவதே பெரிய வரம். அந்த நோயாளிகள் மூடநம்பிக்கையில் வந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கிடைத்ததில் சிறந்த வைத்தியத்தைத் தேடி வந்தவர்கள்.

இந்த ஊரை வெளி உலகத்துக்குச் சொன்னவர் எர்வின் பெல்ட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1876இல் ஜப்பான் அரசின் அழைப்பில் மருத்துவம் கற்பிக்க வந்தவர், குசாட்சுவின் தண்ணீரையும் மலைக்காற்றையும் புகழ்ந்து எழுதினார். யுபாதாகேவைச் சுற்றிய கல்தூண்களில் ஊருக்கு வந்த நூறு பெரியவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள், அவர் பெயரும் உண்டு. அவர் பிறந்த ஜெர்மன் நகரத்தோடு குசாட்சுவுக்கு 1962 முதல் சகோதர ஊர் உறவு. பெல்ட்ஸின் புகழ்ச்சியோடு வேறு மாதிரி விருந்தினர்கள் வரும் நம்பிக்கை பிறந்தது. தீ விபத்தின் கடனில் இருந்த விடுதிக்காரர்களுக்கு, பணமுள்ள ஆரோக்கியமான விருந்தினர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் தொழுநோயாளியோடு ஒரே தெருவில் நடக்க மாட்டார்கள். 1887இல் கிராமம் ஒரு முடிவெடுத்தது. தொழுநோயாளிகள் இனி ஊர் நடுவில் தங்கக்கூடாது, கீழே ஓடைக்கரையில் யுனோசவா என்ற இடத்துக்குப் போக வேண்டும்.

யுனோசவாவைப் பார்க்கத்தான் நான் போனேன். யுபாதாகேவிலிருந்து ஓடையோடு இறங்கினால் சிறிது தூரம்தான், ஓதாகி நோ யு என்ற பெரிய குளியலகம் இருக்கும் பக்கம். மாப்பிள்ளை கார் நிறுத்துமிடத்தின் அந்தண்டைப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே இல்லையே மாமா" என்றார். பழைய வீடு ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆனால் இங்கே இருந்தது ஓர் ஊர். ஒதுக்கி வைத்த இடமாகத் தொடங்கி, அரை நூற்றாண்டில் தனக்கென்று வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஊர். நோயாளிகளே விடுதி நடத்தினார்கள், கடை வைத்தார்கள். வசதியுள்ள நோயாளி பணம் கட்டித் தங்கினார், இல்லாதவர் அவருக்கு வேலை செய்து பிழைத்தார். கல்யாணம் நடந்தது, குழந்தைகள் பிறந்தார்கள். தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்துக்கு வரி கட்டினார்கள், வாக்களித்தார்கள், கிராம மன்றத்துக்குத் தங்கள் ஆளையும் அனுப்பினார்கள். 1930 வாக்கில் சுமார் 800 பேர் இருந்தார்கள். சூதாட்டமும் வறுமையும் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. என்றாலும், தொழுநோயாளி என்ற முத்திரை குத்தப்பட்ட ஒரு மனிதன் தன் பெயரில் வீடு வைத்துக்கொண்டு, வாசலில் நின்று வரி ரசீது வாங்கிய இடம் அந்தக் காலத்து உலகத்தில் எத்தனை இருந்திருக்கும்?

அந்த ஊருக்கு 1916இல் ஓர் ஆங்கிலப் பெண்மணி குடிவந்தார். மேரி ஹெலெனா கார்ன்வால் லீ. 1857இல் கான்டர்பரியில் பிறந்தவர், வசதியான குடும்பம். தாயின் காலத்துக்குப் பிறகு, ஐம்பது வயதில் சமயப் பணிக்கு ஜப்பான் வந்தார். யுனோசவாவின் கிறிஸ்தவ நோயாளிகள் அவரை அழைத்தார்கள். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் இந்தப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார். தன் சொந்தச் சொத்தைப் போட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, மருத்துவமனை கட்டினார். ஆதரவற்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி இல்லங்கள், பள்ளி, தேவாலயம் எல்லாம் எழுந்தன. புனித பர்னபாஸ் பெயரில் நடந்த அந்தப் பணியில் முதல் மருத்துவராக வந்தவர் ஹட்டோரி கெசா என்ற ஜப்பானியப் பெண் மருத்துவர், கூடவே மிகாமி சியோ என்ற செவிலியர். நோயாளிகள் லீயை அம்மா என்று கூப்பிட்டார்கள். ஓதாகி நோ யு பக்கத்துப் பூங்காவில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது, நினைவு இல்லமும் உண்டு. சிலையின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். நம் பக்கத்தில் தொழுநோய்க்கு உழைத்த வெளிநாட்டுக்காரர்கள் பலரின் பெயரைக் கேட்டே வளர்ந்தவன் நான், இவர் பெயரை மட்டும் எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

1926இல் கருயிசாவாவிலிருந்து சிறு மலை ரயில் குசாட்சு வரை வந்து சேர்ந்தது. ஐம்பத்தைந்து கிலோமீட்டரை மெதுவாக ஊர்ந்து ஏறும் ரயில். 1962இல் அதை மூடிவிட்டார்கள். ஆனால் அது ஓடிய காலத்தில் ஊரின் பிழைப்பு மாறிவிட்டது. மாதக்கணக்கில் தங்கும் நோயாளிக்குப் பதில், இரண்டு நாள் தங்கிப் போகும் சுற்றுலாக்காரர். அவருக்கு யுனோசவா கண்ணில் படவே கூடாது.

ஊரின் விருப்பம் ஒன்று. அதைவிடப் பெரிய சக்தி டோக்கியோவில் இருந்தது. ஆதரவற்று அலையும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1907இல் ஒரு சட்டம் வந்தது. 1931இல் அதை விரித்து, வீட்டோடு இருப்பவர்கள் உட்பட எல்லா நோயாளிகளையும் அடைக்க வழி செய்தார்கள். தொழுநோயாளியே இல்லாத மாநிலம் என்று போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாநிலமும் இயக்கம் நடத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் துப்புக் கொடுப்பார், காவலரும் சுகாதார அதிகாரியும் வருவார்கள். ஆளைக் கூட்டிப்போன பிறகு வீடு முழுக்கக் கிருமிநாசினி தெளிப்பார்கள், தெருவே பார்க்கும். மிச்சமிருக்கும் குடும்பம் அந்த ஊரில் தலை நிமிர முடியாது. நம் நாட்டிலும் 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016 வரை நீக்கப்படாமல் இருந்தது. அதனால் நான் தூரத்தில் நின்று குற்றம் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க, எல்லோரையும், வீடு தேடிப் போய் என்ற அளவுக்கு நாம் செய்யவில்லை.

இந்தக் கொள்கையின் மூளைதான் மிட்சுடா கென்சுகே. நோயை ஒழிக்க ஒரே வழி நோயாளிகளை ஆயுளுக்கும் பிரித்து வைப்பது என்று அவர் உறுதியாக நம்பினார். தன் நோயாளிகளுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் 1915இல், நோயாளிகளை அடைத்து வைத்த காப்பகத்துக்குள் திருமணம் செய்ய விரும்பும் ஆண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையை நிபந்தனையாக்கித் தொடங்கி வைத்தவரும் அவரே. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒகசவாரா நோபோரு என்ற மருத்துவர் இருந்தார். இந்த நோய் எளிதில் ஒட்டாது, அடைத்து வைக்க வேண்டியதில்லை என்று சொல்லி, வெளிநோயாளிகளாகவே பார்த்துவந்தார். 1941இல் தொழுநோய் மருத்துவர்களின் மாநாட்டில் அவரைக் கூட்டமாக எதிர்த்துப் பேசி வாயடைத்தார்கள். ஒகசவாரா சொன்னதைத்தான் நாங்கள் பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துக் கொடுத்தோம்: எளிதில் ஒட்டாது, வீட்டிலிருந்தே குணமாக்கலாம்.

குசாட்சு ஊரைத் தாண்டிய காட்டுப் பீடபூமியில் 1932இல் குரியு ராகுசென் என் என்ற அரசுக் காப்பகம் திறக்கப்பட்டது. யுனோசவா மக்களை அங்கே மாற்றுவது திட்டம். அவர்கள் லேசில் நகரவில்லை, பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1941இல் யுனோசவாவைக் கலைக்கும் ஒப்பந்தம் ஆனது. வீடுகளுக்கு இழப்பீடு கொடுத்து, ஆட்களைக் காப்பகத்துக்கு ஏற்றினார்கள். பர்னபாஸ் மருத்துவமனையும் மூடப்பட்டது. கார்ன்வால் லீ உடல்நிலை காரணமாக 1936இலேயே கடற்கரை ஊரான அகாஷிக்குப் போயிருந்தார். தான் கட்டியது கலைந்த அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார், ஜப்பானும் பிரிட்டனும் எதிரெதிராகப் போருக்குள் போன மாதம். அவருடைய அஸ்தியைக் குசாட்சுவுக்கே கொண்டுவந்தார்கள்.

மதியத்துக்கு மேல் டாக்சி பிடித்துக் காப்பகப் பக்கம் போனோம். ஜூகன்போ அருங்காட்சியகம் அங்கே காட்டின் ஓரத்தில் இருக்கிறது. 1938இல் இங்கே ஒரு கட்டடம் எழுப்பி அதற்குச் சிறப்பு நோயறை என்று பெயர் வைத்தார்கள். நிஜத்தில் அது சிறை, அதுதான் ஜூகன்போ. நாட்டின் எந்தக் காப்பகத்திலும், தப்பிப்போனவர், எதிர்த்துப் பேசியவர், அதிகாரிக்குப் பிடிக்காதவர் யாரையும் காப்பக இயக்குநரின் சொல் ஒன்றை வைத்தே இங்கே அனுப்பலாம். நீதிமன்றம் கிடையாது. எட்டு அறைகள், கனத்த கதவுகள், உயரத்தில் கைகொள்ளாத ஒரு சன்னல், தரையோரம் சோறு தள்ளும் துளை. கணப்பு கிடையாது, விளக்கு கிடையாது. இந்த உயரத்தில் குளிர்காலத்து இரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி வரை இறங்கும். 1947 வரை 93 பேரை அடைத்தார்கள். அவர்களில் 23 பேர் செத்தார்கள். ஓராண்டுக்கு மேல் உள்ளே கிடந்தவர்கள் உண்டு.

அறையின் ஒரு பகுதியை உள்ளபடியே அளவெடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். குனிந்து உள்ளே போனேன். கதவை யாரும் மூடவில்லை, வெளியே மகள் நிற்கிறாள், இருந்தும் மூச்சு முட்டியது. நரம்பு செத்த கால்விரல்களை உறைபனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வலி தெரியாது, அதனால் தேய்த்துச் சூடேற்றத் தோன்றாது, விடிந்து பார்த்தால் விரல் கறுத்திருக்கும். எங்கள் வேலையில் ஒரு கொப்புளத்தைக்கூட அலட்சியம் செய்யாதே என்று நோயாளியிடம் கெஞ்சுவோம். இங்கே மருத்துவர்களின் மேற்பார்வையில் நடந்தது இது.

போர் முடிந்த பிறகு, 1947இல் இந்தச் சிறை வெளிச்சத்துக்கு வந்து மூடப்பட்டது. அதே காலத்தில் ஜப்பானுக்கு புரோமின் என்ற சல்ஃபோன் மருந்தும் வந்துவிட்டது. நோய் குணமாகும் என்று தெரிந்த பிறகு கதவுகள் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. 1951இல் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்ன மிட்சுடா, தனிமைப்படுத்தலை இன்னும் இறுக்க வேண்டும் என்றார். அந்த ஆண்டே அவருக்கு நாட்டின் கலாசார விருது கிடைத்தது. 1953இல் அடைத்து வைக்கும் சட்டம் புதுப்பிக்கப்பட்டு, 1996 வரை நீடித்தது. நான் கூட்டு மருந்துப் பட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், மாத்திரையை என் கண்முன் விழுங்க வைத்த காலம் முழுவதும் அங்கே அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, தணியாத கோபம்.

பாதிக்கப்பட்டவர்களே வழக்குப் போட்டார்கள். 2001 மே மாதம் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அரசின் தனிமைப்படுத்தல் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கேட்டது. குடும்பத்தினருக்கான இழப்பீட்டுச் சட்டம் 2019இல் வந்தது. வழக்கில் முன்னின்றவர்களில் ஒருவர் இந்தக் காப்பகத்தில் வாழ்ந்த கவிஞர் கொதாமா யூஜி. இடித்துப் போட்ட அந்தச் சிறையை மக்கள் பார்க்கும்படி திரும்பக் கட்ட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர். அருங்காட்சியகம் 2014 ஏப்ரல் கடைசியில் திறந்தது. அவர் மே மாதத்தில் காலமானார்.

ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த காப்பகத்தில் இன்று ஐம்பது பேர்கூட இல்லை. எல்லோரும் எப்போதோ குணமானவர்கள், மிக முதியவர்கள். போவதற்கு வீடில்லாமல் அங்கேயே இருக்கிறார்கள். இறந்தவர்களின் அஸ்தியைக் குடும்பங்கள் வாங்கிக்கொள்ளாததால் வளாகத்திலேயே ஓர் அஸ்தி மண்டபம் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பி, ஷிரஹாதா நோ யு என்ற இலவசப் பொதுக் குளியலில் குளித்தேன். யுபாதாகேவின் தலைமாட்டிலேயே இருக்கும் மரக்கட்டடம். உடம்பைக் கழுவிக்கொண்டு மெதுவாக இறங்கினேன். முழங்காலில் பழைய சிராய்ப்பு ஒன்று சுரீரென்று எரிந்தது. தோல் வழவழத்தது. உதட்டில் பட்ட துளி புளித்தது. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நான் தவிப்பதைப் பார்த்து, தலையில் ஊற்றிக்கொள் என்று கையால் சைகை காட்டினார். மரக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டதும் தாங்க முடிந்தது. வெளியே வந்தபோது மகள் ஆவியில் வெந்த இனிப்புப் பயறு மஞ்ஜூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள். தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் எந்தக் குறையும் இல்லை என்றேன்.

 குசாட்சுவுக்குப் போகிறவர்கள் காலையில் முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பஸ் அரிது, டாக்சிதான் வசதி. குளிர்காலத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. திரும்பும்போது ஓதாகி நோ யுவின் பக்கம் இறங்கி, கார்ன்வால் லீயின் சிலையையும் பார்த்துவிட்டு யுபாதாகேவுக்கு ஏறினால், குளிப்பதற்கு மாலை முழுக்க மிச்சமிருக்கும்.